‘வந்து போகட்டும்’ என்று விடக்கூடிய அம்மையா இது?
தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போடும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாதக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கும் உங்களில் பலர் நன்கு படித்தவர்கள். பிள்ளை மேல் அக்கறை குறைந்தவர்கள் என்று உங்களை யாரும் சொல்லிவிட முடியாது. பி.சி.ஜி. போட்டிருக்கிறீர்கள், போலியோ சொட்டு மருந்து கொடுத்திருக்கிறீர்கள். தட்டம்மை என்றதும்தான் தயங்குகிறீர்கள். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “அம்மை ஒரு தடவை வந்து போனால் ஆயுசுக்கும் திரும்ப வராது. ஊசியால் வரும் எதிர்ப்பு அவ்வளவு கெட்டி இல்லை. அப்புறம் எதற்கு ஊசி?”

இந்த வாதத்தைக் கேட்டுச் சிரிக்கும் மருத்துவர்கள் உண்டு. சிரிக்க வேண்டிய வாதம் அல்ல இது. இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, மறுபாதியை உங்கள் முன் வைக்கிறேன்.

1846இல் டென்மார்க் அரசு பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவரை வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபரோ தீவுகளுக்கு அனுப்பியது. 7,782 பேர் வாழ்ந்த அந்தத் தீவுகளில் ஏறத்தாழ 6,000 பேர் தட்டம்மையில் படுத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் விசாரித்த பானும் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அதற்கு முன்பு அங்கே தட்டம்மை வந்தது 1781இல். அப்போது நோய் கண்டு பிழைத்து, 65 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட இம்முறை அது தொடவில்லை. அன்று தப்பித்த முதியவர்கள் இப்போது மாட்டிக்கொண்டார்கள். ஒருமுறை வந்த தட்டம்மை வாழ்நாள் முழுக்கக் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆய்வுக்கூட அளவுகளும் உங்கள் பக்கம்தான் பேசுகின்றன. தட்டம்மை வந்து தேறியவரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, தடுப்பூசி போட்டவரிடம் இருப்பதைவிடச் சராசரியாக அதிகம். தடுப்பூசியால் வந்த அளவு ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் குறையவும் செய்கிறது. இதை மறைக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. தடுப்பூசி பற்றிய பாடநூல்களிலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்வி தனி. அமெரிக்கக் கல்வி நிலையம் ஒன்றில் தட்டம்மை பரவியபோது அதற்குத் தற்செயலாக ஒரு விடை கிடைத்தது. நோய் பரவுவதற்குச் சற்று முன்புதான் அங்கே ரத்ததான முகாம் நடந்திருந்தது. அதனால் நோய் வருவதற்கு முந்தைய ரத்தம் கையில் இருந்தது. எதிர்ப்பொருள் அளவு 120க்கு மேல் போகாத 9 பேரில் 8 பேருக்கு நோய் வந்தது. அதற்கு மேல் இருந்த 71 பேரில் ஒருவருக்கும் தட்டம்மை என்று சொல்லும்படியான நோய் வரவில்லை. நடுத்தர அளவு இருந்த சிலரின் உடலுக்குள் வைரஸ் நுழைந்ததற்கான தடயம் தெரிந்தது; லேசான தொந்தரவுகளும் இருந்தன. அதோடு சரி. 1990இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பின்னர்தான் 120 என்ற எண் உலகெங்கும் ஓர் எல்லைக்கோடாகப் புழக்கத்துக்கு வந்தது. இரண்டு தவணையும் போட்டுக்கொண்ட நூறு பேரில் சுமார் 97 பேருக்குத் தட்டம்மை வராது. நோயில் கிடைப்பது இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அந்தக் கூடுதல் எந்த வழியில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு இரண்டு வைரஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஊரில் திரிவது ஒன்று, ஊசியில் இருப்பது ஒன்று. இரண்டும் ஒரே குலம். 1954இல் பாஸ்டன் அருகே ஒரு விடுதிப் பள்ளியில் தட்டம்மை பரவியது. தாமஸ் பீபிள்ஸ் என்ற இளம் மருத்துவர் அங்கே போய் மாணவர்களின் ரத்தத்தைச் சேகரித்தார். விஞ்ஞானி ஜான் எண்டர்ஸின் ஆய்வுக்கூடத்தில், எட்மன்ஸ்டன் என்ற மாணவனின் ரத்தத்திலிருந்து வைரஸ் பிடிபட்டது. அந்தப் பெயரே அந்த வைரஸுக்கு நிலைத்துவிட்டது. அதை மனிதச் சிறுநீரக அணுக்களில் 24 தடவை, பனிக்குடச் சவ்வு அணுக்களில் 28 தடவை, பிறகு கோழி முட்டைக் கருவிலும் கோழிக்கரு அணுக்களிலுமாக மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கோழிக்கருவில் வாழப் பழகிய வைரஸ், மனித உடலில் பழைய வேகத்தில் பெருகும் திறனை இழந்தது.

1963இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் உயிருள்ள தட்டம்மைத் தடுப்பூசி இதுதான். அப்போதும் அதற்கு வேகம் மிச்சம் இருந்தது. பல குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்ததால், கூடவே எதிர்ப்பொருள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டியிருந்தது. அதனால் மேலும் பல தடவை வளர்த்து இன்னும் சாதுவாக்கினார்கள். 1965இல் ஷ்வார்ஸ் வகை வந்தது. 1968இல் மாரிஸ் ஹில்மன் உருவாக்கிய மொராட்டன் வகை வந்தது. அதே எட்மன்ஸ்டன் வழியில், மனித அணுக்களில் வளர்த்து உருவான இன்னொரு கிளை எட்மன்ஸ்டன்-ஜாக்ரெப். இந்தியாவின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் தடுப்பூசியில் இருப்பது இந்தக் கிளைதான்.

இப்போது ஊரில் திரியும் வைரஸ் ஒரு குழந்தையின் உடலுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது மூச்சுக்காற்று வழியே போகிறது. நுரையீரலில் காவல் இருக்கும் வெள்ளையணுக்களையே முதலில் பிடிக்கிறது. அந்த அணுக்களின் மேல் ‘ஸ்லாம்’ என்ற ஒரு புரதம் இருக்கிறது. வைரஸுக்கு அதுதான் வாசல். இதை 2000ஆம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானி யானகியின் குழு கண்டுபிடித்தது. நோயை எதிர்க்கப் பிறந்த அணுக்களில்தான் இந்தப் புரதம் மிகுதி. ஆகவே இந்த வைரஸ் முதல் அடியிலேயே எதிர்ப்புப் படைக்குள் புகுந்துவிடுகிறது. பிடிபட்ட அணு நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. அங்கே வைரஸ் பெருகி, ரத்தம் வழியாக உடலெங்கும் பரவுகிறது. இவ்வளவும் நடக்கும்போது குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும். ஏனென்றால் ஆபத்து என்று உடல் எழுப்பும் முதல் கூக்குரலான இன்டர்ஃபெரானை இந்த வைரஸின் புரதங்கள் அமுக்கிவிடுகின்றன. தொற்றிய நாளிலிருந்து உடம்பில் தடிப்பு தெரிய ஏறக்குறைய 14 நாள் ஆகும்.

அந்தத் தடிப்பு வைரஸ் கிழித்த காயம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், தோலில் ஒளிந்திருக்கும் வைரஸை நம்முடைய டி-அணுக்கள் எனும் வெள்ளையணுக்கள் தேடிப் பிடித்து அழிக்கும் இடம் அது. எண்டர்ஸின் குழு 1959இல் சில குழந்தைகளைப் பற்றி எழுதியது. வேறு கடும் நோய்களால் நலிந்திருந்த அந்தக் குழந்தைகளுக்குத் தடிப்பே தோன்றவில்லை. வைரஸ் நுரையீரலில் பெருகி உயிரைக் கொண்டுபோய்விட்டது. ‘உள்ளே தங்காமல் வெளியே போட்டுவிட்டது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நிம்மதிப்படுவதில் ஓர் அனுபவ அறிவு இருக்கத்தான் செய்கிறது.

தடிப்பு அடங்கினாலும் கதை முடிவதில்லை. உயிருள்ள வைரஸ் சில நாட்களில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அதன் ஆர்.என்.ஏ. எச்சம் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் உடலில் தங்குகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டயான் கிரிஃபின் குழு குரங்குகளில் இதை நீண்டகாலம் தொடர்ந்து ஆராய்ந்தது. எச்சம் இருக்கும்வரை எதிர்ப்பு அணுக்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டே இருக்கிறது. எதிர்ப்பொருள்களின் பிடிமானம் கூடிக்கொண்டே போகிறது. நீங்கள் மெச்சும் அந்தக் கெட்டித்தன்மை இதில்தான் உருவாகிறது. வைரஸ் உடல் முழுவதையும் பிடித்து, வெகுநாள் தங்கியதற்குக் கிடைத்த கூலி அது.

ஊசி வைரஸின் வழி வேறு. ஒரு தவணையில் ஆயிரம் தொற்று அலகுகளுக்குக் குறையாமல் வைரஸ் இருக்கும். நம் அரசுத் திட்டத்தில் அது வலது மேற்கையில் தோலுக்கடியில் போகிறது. நுரையீரலில் அதற்கு வேலை இல்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த காலத்தில் அதன் மேற்புறப் புரதத்தில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தது. அதனால் ஸ்லாமைத் தவிர, சிடி46 என்ற இன்னொரு வாசலையும் அது பயன்படுத்தும். சிடி46 நம் உடலின் ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் இருப்பது. ஊசி போட்ட இடத்திலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் இந்த வைரஸ் கொஞ்சம் பெருகுகிறது. ரத்தத்தில் மிகக் குறைவாகவே தென்படுகிறது. இன்டர்ஃபெரானை அமுக்கும் சாமர்த்தியமும் அதற்குக் குறைவு. உடல் சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. 12 முதல் 15 நாளுக்குள் எதிர்ப்பொருள் தெரியத் தொடங்கி, 21 முதல் 28 நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. தட்டம்மை நோயாளியின் அருகில் இருந்துவிட்ட குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஊசி வைரஸ் உண்டாக்கும் எதிர்ப்பு, நோய் வைரஸின் வேகத்தை முந்திக்கொள்ளும்.

இரண்டு வழியிலும் எதிர்ப்பொருள் கிடைக்கிறது, டி-அணுக்களின் நினைவும் கிடைக்கிறது. 1954இல் பிடித்த வைரஸ் இன்று திரியும் வைரஸை எப்படித் தடுக்கும் என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. தட்டம்மை வைரஸில் 24 மரபு வகைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் திரிவது பெரும்பாலும் டி8 வகை. ஊசியில் இருப்பது ஏ வகை. ஆனாலும் எதிர்ப்பொருள்கள் எல்லாவற்றையும் பிடித்துவிடுகின்றன. ஃப்ளூ வைரஸைப் போல ஆண்டுக்கு ஆண்டு வேஷம் மாற்ற இதனால் முடியாது. மேற்புறப் புரதத்தில் வாசலைப் பற்றும் பகுதியை மாற்றிக்கொண்டால், அணுக்குள் நுழையும் வழியே அதற்கு அடைபட்டுப்போகும்.

அடுத்துச் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1908இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே ஒரு வினோதத்தை எழுதிவைத்தார். காசநோய்க் கிருமிக்கு ஏற்கெனவே பழகிய குழந்தைகளின் தோலில் ட்யூபர்குலின் சோதனை செய்தால் வீக்கம் வரும். அதே குழந்தைக்குத் தட்டம்மை வந்திருக்கும்போது செய்தால் வீக்கம் வருவதில்லை. உடல் தனக்குத் தெரிந்த ஒன்றை மறந்துபோயிருந்தது.

எப்படி மறந்தது என்பது நூறாண்டு கழித்துத்தான் துலங்கியது. ஸ்லாம் வாசல் மிகுதியாக இருப்பது நினைவு அணுக்களில். இதுவரை வந்த சளி, வயிற்றுப்போக்கு, நிமோனியா என்று ஒவ்வொன்றையும் எதிர்த்துக் கற்றுக்கொண்ட பாடங்களைச் சுமப்பவை அவை. தட்டம்மை வைரஸ் அவற்றைப் பிடித்துப் பெருகுகிறது. பிடிபட்ட அணுக்கள் அழிகின்றன. பிறகு வெள்ளையணு எண்ணிக்கை மீண்டும் பழைய அளவுக்கு வந்துவிடும். ரத்தப் பரிசோதனை பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் புதிதாக வந்தவற்றில் பெரும்பகுதி தட்டம்மையை மட்டுமே அறிந்தவை. ஒரு வீட்டின் பழைய கணக்கு நோட்டை எரித்துவிட்டு, அதே கனத்தில் ஒரே வரவை எழுதிய புது நோட்டை வைப்பது போன்றது இது. 2012இல் டச்சு விஞ்ஞானிகள் குரங்குகளில் நடத்திய ஆய்வு இதைப் படம்பிடித்துக் காட்டியது.

குரங்கில் நடந்தது குழந்தையிலும் நடக்குமா? நெதர்லாந்தில் மத நம்பிக்கையின் காரணமாகத் தடுப்பூசியை ஏற்காத சமூகங்கள் உண்டு. 2013இல் அங்கே தட்டம்மை பரவியது. தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தம், நோய்க்கு முன்பும் பின்பும் எடுக்கப்பட்டு ஒப்பிடப்பட்டது. மைக்கேல் மினாவும் ஸ்டீபன் எலெட்ஜும் அடங்கிய குழு 2019இல் வெளியிட்ட முடிவு இது: மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தக் குழந்தைகளிடம் இருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மைத் தடுப்பு அடங்கிய எம்.எம்.ஆர். ஊசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு காணப்படவில்லை. அதே ஆண்டு, அதே சமூகத்துக் குழந்தைகளின், எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி-அணுக்களை ஆராய்ந்த வெல்மிரா பெட்ரோவா குழுவும் இதற்கு இசைவான முடிவுக்கே வந்தது. அவர்கள் மரநாய் இனத்துச் சிறு விலங்கான ஃபெரட்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டு, பின்னர் தட்டம்மைக்கு உறவான ஒரு வைரஸைத் தொற்றவைத்தார்கள். ஃப்ளூவுக்கு எதிராகச் சேர்த்திருந்த எதிர்ப்பு கரைந்துபோய், அவை ஃப்ளூவில் கடுமையாக விழுந்தன.

இந்த இழப்பு எவ்வளவு காலம் நீடிக்கும்? இங்கிலாந்து, வேல்ஸ், அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை, இரண்டு மூன்று ஆண்டுகள் என்கிறது. தட்டம்மை அதிகரித்த காலங்களை ஒட்டி, பிற தொற்றுநோய்களால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் அத்தனை காலத்துக்கு உயர்ந்திருந்தது. ‘அம்மை இறங்கியதிலிருந்து பிள்ளைக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறது’ என்று சொல்லும் தாய் பொய் சொல்லவில்லை. தட்டம்மைக்கு எதிரான எதிர்ப்பை மட்டும் தனியே அளந்தால் நோயே முன்னால் நிற்கும். குழந்தையின் மொத்த எதிர்ப்பையும் அளந்தால் நோய் பெருநட்டம். உங்கள் வாதத்தில் விட்டுப்போன மறுபாதி இதுதான்.

ஊசி வைரஸும் உயிருள்ளதுதானே, அது மட்டும் அழிக்காதா? நியாயமான கேள்வி. தடுப்பூசி போட்ட நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ட்யூபர்குலின் சோதனை சற்று மங்கலாம். அதனால் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பிர்க்கே கண்டதன் மெல்லிய சாயல் அது. சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. பழைய எதிர்ப்பொருள்கள் அழிந்துபோனதற்கான தடயம் கிடையாது.

தடுப்பூசியின் வரலாறு முழுக்க வெற்றிதான் என்றும் நான் சொல்லமாட்டேன். இரண்டு சறுக்கல்களை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1963 முதல் 1967 வரை அமெரிக்காவில் ஃபார்மலின் கொண்டு கொன்ற வைரஸைத் தடுப்பூசியாகப் போட்டார்கள். ஆறு லட்சம் முதல் ஒன்பது லட்சம் பேர் வரை அதைப் பெற்றார்கள். அது உண்டாக்கிய எதிர்ப்பொருள்களுக்குப் பிடிமானம் போதவில்லை. சில ஆண்டுகள் கழித்து உண்மையான வைரஸ் வந்தபோது அவற்றால் தடுக்க முடியாமல், உடலே தன்மேல் அழற்சியை ஏவிக்கொண்டது. கடும் காய்ச்சல், கைகால்களில் தொடங்கும் விசித்திரத் தடிப்பு, நிமோனியா என்று சாதாரணத் தட்டம்மையைவிட மோசமான ஒரு நோய் வந்தது. அந்தத் தடுப்பூசி 1967இல் கைவிடப்பட்டது. உயிருள்ள, வீரியம் தணிந்த வைரஸே வேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்தது.

இரண்டாவது, அளவில் நேர்ந்த சறுக்கல். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் பச்சைக் குழந்தையிடம் இருக்கும்வரை ஊசி வைரஸ் பெருக முடியாது. அந்தத் தடையைத் தாண்ட, வழக்கத்தைவிடப் பல மடங்கு செறிவான எட்மன்ஸ்டன்-ஜாக்ரெப் தடுப்பூசியை ஆறு மாத வாக்கிலேயே போட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் நன்றாகவே வந்தது. ஆனால் கினி-பிசாவு, செனகல், ஹெய்ட்டி ஆகிய நாடுகளில் அதைப் பெற்ற பெண்குழந்தைகளின் இறப்பு, வழக்கமான தடுப்பூசி பெற்றவர்களைவிட அதிகமாக இருந்தது தெரியவந்தது. 1992இல் உலக சுகாதார நிறுவனம், செறிவான அந்தத் தடுப்பூசிக்குத் தந்திருந்த பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. எதிர்ப்பொருள் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் வைத்து நல்லது கெட்டதைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு அது சாட்சி. அதே அளவுகோலைத்தான் நீங்கள் இன்று நோய்க்குச் சாதகமாகத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்.

இன்னொரு குறையும் உண்டு. தட்டம்மை வந்து தேறிய தாய் தன் குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியே நிறைய எதிர்ப்பொருள் தருகிறாள். தடுப்பூசியால் எதிர்ப்புப் பெற்ற தாய் தருவது அதைவிடக் குறைவு, சீக்கிரம் தீர்ந்தும்விடும். ஆகவே இன்றைய பச்சைக் குழந்தைகள் பாட்டி காலத்துக் குழந்தைகளைவிடச் சில மாதங்கள் முன்பே பாதுகாப்பை இழக்கிறார்கள். ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை நூற்றுக்கு 85 குழந்தைகளிடம்தான் பலிக்கிறது. 12 மாதத்தில் போட்டால் 95. பன்னிரண்டாம் மாதம்வரை காத்திருக்கலாமே என்றால், நம் நாட்டில் அதற்குள் வைரஸ் முந்திக்கொள்ளும். அதனால்தான் 1985இல் ஒரு தவணையாக அரசுத் திட்டத்தில் தொடங்கிய ஊசி, 2010 முதல் இரண்டு தவணை ஆனது.

இந்தக் குறைகளை ஈடுகட்டுவது ஊர். ஒரு தட்டம்மை நோயாளி, எதிர்ப்பில்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர் போன பின்பும் அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் இருக்கும். நூற்றுக்கு 95 பேர் எதிர்ப்போடு இருந்தால்தான் அந்தச் சங்கிலி அறும். ஊசி போட முடியாத ஐந்து மாதக் குழந்தைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் சிறுவனுக்கும் உங்கள் பிள்ளையின் கையில் ஏறும் ஊசிதான் காப்பு. ஊசி வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஊர் வைரஸ் தொற்றாமல் விடுவதில்லை.

இனி ஆபத்துகள். தடுப்பூசிக்குப் பின் நூறு குழந்தைகளில் 5 முதல் 15 பேருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். சுமார் 5 பேருக்கு லேசான தடிப்பு வரும். மிக அரிதாக வலிப்பு, தட்டணுக் குறைவு வருவதுண்டு. கடும் ஒவ்வாமை பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில் நேரலாம். அதற்கு உடனடி மருந்து உண்டு, அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். தட்டம்மை வந்தால், நல்ல மருத்துவ வசதி உள்ள அமெரிக்காவிலேயே இருபது குழந்தைகளில் ஒருவருக்கு நிமோனியா, ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி, ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பேர் வரை இறப்பு. தேறியவர்களிலும் சிலரின் மூளையில் வைரஸ் ஒளிந்திருந்து, ஏழு முதல் பத்து ஆண்டுகள் கழித்து எஸ்.எஸ்.பி.இ. என்ற மீளமுடியாத நோயாக வெடிக்கிறது. கலிபோர்னியாவில் கணக்கெடுத்தபோது, ஐந்து வயதுக்குள் தட்டம்மை கண்டவர்களில் சுமார் 1,400 பேருக்கு ஒருவர், ஒரு வயதுக்குள் கண்டவர்களில் சுமார் 600 பேருக்கு ஒருவர் இதற்கு ஆளானது தெரிந்தது. அப்படி இறந்தவர்களின் மூளையில் கிடைத்தவை ஊர் வைரஸின் வகைகளே.

பயத்தின் விலை என்ன என்பதைச் சமோவா காட்டியது. 2018இல் அந்தப் பசிபிக் தீவு நாட்டில் இரண்டு குழந்தைகள் ஊசி போட்டவுடன் இறந்தார்கள். தடுப்பூசிப் பொடியை அதற்குரிய நீரில் கரைக்காமல், தவறுதலாகத் தசைத்தளர்த்தி மருந்தில் கரைத்ததே காரணம். பழி தடுப்பூசி மேல் விழுந்தது. தடுப்பூசி பெற்றவர்கள் நூற்றுக்கு 31 பேர் என்ற அளவுக்குச் சரிந்தார்கள். 2019இல் தட்டம்மை வந்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700க்கும் மேற்பட்டோருக்கு நோய். 83 பேர் இறப்பு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். கடைசியில் நாட்டையே இரண்டு நாள் மூடி, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச்சொல்லி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள்.

நம் ஊரிலும் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்ஆப்பில் பரவிய வதந்திகள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் செய்திகளை அனுப்பியவர்கள் யாரும் உங்கள் பிள்ளைக்கு நிமோனியா வந்தால் கூட இருக்கப்போவதில்லை.

உங்கள் வீட்டு வழக்கங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அம்மை கண்டால் வேப்பிலை செருகுங்கள், நோயாளியைத் தனியே வையுங்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள். கூடவே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் அளவில் வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுக்கப்பட வேண்டும். அது பார்வையையும் உயிரையும் காக்கிறது. ஆனால் நோயை விருந்தாளிபோல் எதிர்பார்த்து வாசல் திறந்துவைக்காதீர்கள்.

ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தவறவிட்டிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐந்து வயது வரை திட்டத்திலேயே போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு மருத்துவரைக் கேளுங்கள். குழந்தைக்கு எதிர்ப்பாற்றலைப் பாதிக்கும் நோயோ சிகிச்சையோ இருந்தால், முன்பு ஊசியில் கடும் ஒவ்வாமை வந்திருந்தால், அதை முதலிலேயே சொல்லுங்கள். கர்ப்பிணிகள் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

தடுப்பூசிக்கு முந்தைய உலகில் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை சுமார் 1,07,500. அவர்களில் பெரும்பாலோர் ஊசி கிடைக்காத, அல்லது முழுத் தவணை பெறாத சிறு குழந்தைகள். உங்கள் பிள்ளைக்கு அது பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிறது. வரும் புதன்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

அக்கறையுடன்,
நோயெதிர்ப்பியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்